வெற்றி என்னும் தராசு

மனிதனை எதைக் கொண்டு மதிப்பது? குணத்தைக் கொண்டு என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். ஆனால் கையில் பிடித்திருக்கும் தராசு வேறு. ஆசைகள் கூச்சமின்றி வெளிப்படும் விளையாட்டு மைதானத்தில் அது தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே கல்லூரிக் கால்பந்து ஏறக்குறைய குலதெய்வ வழிபாடு. காலால் உதைப்பதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதே அதிகமான ஆட்டம் அது. அலபாமா பல்கலைக் கழகமும் ஆபர்ன் பல்கலைக் கழகமும் அங்கே தீராப் பகை கொண்ட பங்காளிகள். புதிய தலைமைப் பயிற்சியாளர் வருகிறார் என்றால், வீட்டுக்கு மாப்பிள்ளை வருவதுபோல ஊரே பேசும்.

2006 டிசம்பரில் மயாமி நகரத்துத் தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், தாம் அலபாமாவுக்குப் போகப் போவதில்லை என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். இரண்டு வாரம் முடிவதற்குள் அலபாமாவுக்கே வந்துவிட்டார். மயாமியில் மனம் கசந்தார்கள். அலபாமா ரசிகர்களோ விமான நிலையத்துக்கே திரண்டு போய் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஏப்ரலில், எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,000 பேருக்கு மேல் கூடினார்கள்.

2008 டிசம்பரில் ஆபர்ன், ஜீன் சிசிக் என்பவரை நியமித்தது. அதற்குமுன் அயோவா மாநிலப் பல்கலைக் கழகத்தில் இரண்டு ஆண்டுகளில் அவருடைய அணி 5 ஆட்டங்களில் வென்று 19-ல் தோற்றிருந்தது. அவரைத் தேர்ந்தெடுத்த அதிகாரி ஊர் திரும்பியபோது, விமான நிலையத்தில் ஒரு ரசிகர் அந்த எண்களையே வசவாகக் கூவினார்.

சொன்ன சொல்லை மாற்றியவருக்கு வாழ்த்து; தோற்றவருக்கு ஏச்சு!

ரசிகர்களை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சம்பளம் வாங்காமல் துக்கப்படுகிறவர்கள். வெற்றி தேடித் தரத்தானே பயிற்சியாளர் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கணக்காவது நிலைத்ததா?

2010-ஆம் ஆண்டுப் பருவத்தில் சிசிக்கின் அணி 14 ஆட்டங்களிலும் வென்று தேசிய வாகை சூடியது. காம் நியூட்டன் என்ற அபூர்வ வீரர் அந்த ஒரே பருவம் அங்கே ஆடினார். 2012-ல் 3 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஆட்டத்தில் சேபனின் அலபாமாவிடம் 49-0 என்று தோல்வி. மறுநாளே சிசிக் நீக்கப்பட்டார். சேபனோ 2024-ல் ஓய்வு பெறுவதற்குள் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டங்கள் தேடித் தந்தார்.

வெற்றியால் அளந்தால் சிசிக் 2008-ல் உதவாக்கரை, 2010-ல் மேதை, 2012-ல் மறுபடியும் உதவாக்கரை. நாலு ஆண்டில் எந்த மனிதனும் அப்படி மாறுவதில்லை. வெற்றியும் தோல்வியும் பலர் கூடிச் செய்பவை. அவற்றில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பது மட்டும் அவனவன் தனியே செய்ய வேண்டிய காரியம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது வெற்றிக் கணக்கைப் பார்க்கலாம். மனிதனைப் போற்றவோ தூற்றவோ புறப்படும்போது அந்தப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஆறு பட்டங்கள் மயாமியில் சொன்ன சொல்லை மெய்யாக்கிவிடவில்லை. பத்தொன்பது தோல்விகள் சிசிக்கைத் தாழ்ந்தவராக்கிவிடவும் இல்லை.