உறக்கமும் பொறுப்பும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை உறக்கத்தில் கழிக்கிறான். அந்த நேரத்தில் அவன் நல்லவனுமல்லன், தீயவனுமல்லன் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். அறம், மறம் என்னும் வழக்கெல்லாம் விழித்திருப்பவனுக்கு உரியவை, உறங்குபவனுக்கு வழக்கேது? ஆயினும் உறக்கம் அவ்வளவு எளிதாக அறத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. உறக்கத்தில் ஒருவன் செய்ததற்கு யார் பொறுப்பு? உறங்காமையால் ஒருவன் செய்ததற்கு யார் பொறுப்பு? இவ்விரு கேள்விகளும் நீதிமன்றங்களில் மட்டுமன்றி நம் இல்லங்களிலும் எழுகின்றன.

கனடா நாட்டின் டொராண்டோ நகரருகே 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இளைஞர் ஒருவர் நள்ளிரவுக்குப் பின் தம் வீட்டிலிருந்து 23 கிலோமீட்டர் தொலைவு காரோட்டிச் சென்று, மனைவியின் பெற்றோர் வீட்டில் நுழைந்து, மாமியாரைக் கொன்றார், மாமனாரைப் படுகாயப்படுத்தினார். பின்னர், தம் கைகளில் ஆழமான வெட்டுக் காயங்களுடன் தாமே காவல் நிலையத்திற்குச் சென்று நின்றார். அவருக்கும் அப்பெற்றோருக்கும் பகை ஏதும் இருந்ததில்லை. அவர் குடும்பத்தில் தூக்கத்தில் நடக்கும் வழக்கம் பலருக்கு இருந்தது. மருத்துவ வல்லுநர்களின் சாட்சியத்தை ஏற்று, செயல் முழுவதும் உறக்கத்திலேயே நடந்ததெனக் கொண்ட நீதிமன்றம் 1988இல் அவரை விடுதலை செய்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 1992இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இது எவ்வாறு இயலும்? ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை சில வேளைகளில் முழுமையாக விழிப்பதில்லை. உடலை இயக்கும் பகுதி விழித்துக்கொள்ள, நன்மை தீமையை ஆராயும் பகுதி உறங்கிக்கொண்டே இருக்கிறது. கால் நடக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஆனால் ‘நான்’ என்று சொல்லும் ஆள் அங்கே இல்லை. தூக்கத்தில் நடக்கும் குழந்தைகளுக்கும் நேர்வது இதுவே. அதனை ஜின்னின் வேலையென அஞ்சி அவர்களை அலைக்கழிக்கத் தேவையில்லை. பெரும்பாலோர்க்கு வளர வளர அது தானே நின்றுவிடும். அதுவரை வாசற்கதவைத் தாழிட்டு, மாடிப்படியைக் காத்து நின்றால் போதும்.

உறங்குபவனைப் பற்றி இஸ்லாமியச் சட்டம் தொடக்கத்திலேயே சிந்தித்திருக்கிறது. விழிக்கும்வரை உறங்குபவன், பருவமடையும்வரை குழந்தை, தெளிவடையும்வரை சித்தம் பேதலித்தவன் ஆகிய மூவரின் செயல்களையும் வினைப்பதிவின் எழுதுகோல் எழுதுவதில்லை என்பது நபிமொழி வழி வந்த கொள்கை. ஆனால் நம் சட்ட அறிஞர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. உறக்கத்தில் புரண்டு படுத்த ஒருவனால் அருகில் கிடந்தவர் நசுங்கி இறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் வினவினார்கள். அதனைத் தவறுதலாக நேர்ந்த கொலைக்கு ஒப்பாக வைத்தார்கள். அதற்குப் பழிக்குப் பழி இல்லை. எனினும் தியத் எனும் இழப்பீடு உண்டு, கஃப்பாரா எனும் பரிகாரமும் உண்டு. எண்ணம் இல்லாததால் வஞ்சகம் இல்லை. ஆனால் ஓர் உயிர் போயிருக்கிறது. அந்த இழப்பை யாரேனும் சுமக்கத்தானே வேண்டும்? பழி வேறு, பொறுப்பு வேறு என்னும் இந்தப் பாகுபாடு மிக நுட்பமானது.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை நம்மில் பலர் அறிவோம். களைத்த படை இரவின் பிற்பகுதியில் ஓரிடத்தில் தங்கிற்று. சுபுஹு நேரத்தைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பைப் பெருமானார் (ஸல்) பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கிழக்கு நோக்கி ஒட்டகத்தின்மீது சாய்ந்திருந்த பிலாலையும் உறக்கம் வென்றது. வெயில் சுட்ட பின்னரே அனைவரும் விழித்தார்கள். பிலால் கடிந்துகொள்ளப்படவில்லை, ஆயினும் தவறிய தொழுகை நிறைவேற்றப்பட்டது. இத்தகைய ஒரு பயணத்தையொட்டியே, குறைபாடு உறக்கத்தில் இல்லை, விழிப்பில்தான் இருக்கிறது என்னும் கருத்தமைந்த நபிமொழியும் வந்துள்ளது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படுக்குமுன் காவலுக்கு ஆள் வைக்கப்பட்டது. அதாவது, விழித்திருந்தபோது செய்ய வேண்டியது செய்யப்பட்டது. அதனாற்றான் பின்னர் பழியில்லை.

அவ்வாறு செய்யாதவன் நிலை என்ன? இங்கிலாந்தில் செல்பி நகரருகே 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் விடியற்காலையில், காரோட்டி வந்த ஒருவர் கண்ணயர்ந்தார். வண்டி நெடுஞ்சாலையை விட்டிறங்கி இருப்புப்பாதையில் போய் நின்றது. அதன்மீது மோதிய பயணிகள் ரயில் தடம்புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலுடன் மோதியது. பத்துப் பேர் மாண்டனர். முந்திய இரவு அவர் உறங்கவே இல்லை என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கண் மூடிய அந்தக் கணத்திற்காக எவரும் அவரைத் தண்டிக்கவில்லை. உறங்காத உடலோடு வண்டியில் ஏறி அமர்ந்த கணத்திற்காகவே தண்டித்தார்கள். டொராண்டோ இளைஞருக்கு முன்னறிவு இல்லை, இவருக்கோ இருந்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுதான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவனின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டிற்று. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோர்க்கு வகுத்துள்ள எல்லை 30 மில்லிகிராமே. மதுவைத் தொடவும் கூசுகின்ற நாம், அதே நிலையை வேறு வழியில் அடைந்து வண்டியோட்ட அமர்வதில் கூச்சம் கொள்வதில்லையே, ஏன்?

சபுராளி ஊர் திரும்புகிறார் என்றால் இரவோடிரவாக விமான நிலையத்திற்குக் காரெடுத்துச் செல்கிறோம். குடும்பமே மகிழ்ச்சியில் திளைக்கிறது. முந்திய இரவும் வேறொரு குடும்பத்திற்காக வண்டியோட்டிய டிரைவர் எப்போது உறங்கினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அவர் கண்ணயர்ந்தால் குற்றம் அவருடையது என்போம். விடியுமுன் ஊர் சேர வேண்டுமென்று அவசரப்படுத்திய நமக்கு அதில் பங்கில்லையா?

இனி, நோயால் உறங்க இயலாதவர்கள். வீடே அதிரக் குறட்டை விடுபவரைக் கண்டு நகைக்கிறோம். அவரே ஜும்ஆப் பிரசங்கத்தின்போது தூங்கி விழுந்தால் ஈமான் குறைந்தவர் என்கிறோம். உண்மையில் பலர்க்கு உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுபோகிறது. ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை மூளை திடுக்கிட்டு எழுகிறது. காலையில் அவர்க்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. காற்றழுத்தத்தால் மூச்சுவழியைத் திறந்து வைக்கும் கருவியை 1981இல் சிட்னியில் கண்டறிந்தார்கள். நார்கோலெப்ஸி என்னும் நோயிலோ, விழிப்பைக் காக்கும் மூளை அணுக்களே அழிந்துபோகின்றன. இவர்களைச் சோம்பேறி என்பது, நொண்டியை நடக்கவில்லையென்று ஏசுவதற்கு ஒப்பாகும்.

சினமும் இதில் சேரும். உறக்கமிழந்தவர்களின் மூளையில் அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் பகுதி 60 விழுக்காடு கூடுதலாகக் கிளர்ந்ததை 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த மருமகள் காலையில் ஒரு சொல் கடுத்துச் சொன்னால், அவள் வளர்ப்பைக் குறை கூறுமுன், அவ்விரவில் அக்குழந்தையை ஒரு மணி நேரமேனும் வாங்கி வைத்துக்கொண்டவர் யார் என்று வீட்டார் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

தொழுகையில் தூக்கம் மிகைத்தால் போய் உறங்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். பாவமன்னிப்புக் கேட்க நினைத்தவன் தன்னையே சபித்துக்கொள்ளக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். இறைவன் முன்னிலையிலேயே தூக்கத்தால் நாக்கு தடம் மாறுமென்றால், மனிதர் முன்னிலையில் மாறாதோ? ஆதலால் உறங்குவதும், பிறரை உறங்க விடுவதும் நம் கடமைகளுள் அடங்கும். உறக்கத்தில் நம்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய விழிப்பில் அது எழுதிக்கொண்டேயிருக்கிறது. இன்றிரவு படுக்குமுன், நம் பொருட்டு யாரேனும் விழித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படுப்போமாக.