அபயமும் ஆஸ்தியும்

திஹுவானாவிலிருந்து ரொசாரித்தோ வழியாக என்செனாடா வரை நீளும் மெக்ஸிகோவின் பசிபிக் கரையில், எல்லைக்கு வடக்கே வாழும் அமெரிக்கர்களை நம்பி எழுந்த வீடுகளுக்கு விசித்திரமானதொரு பாத்தியதை உண்டு. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் அந்நியர் நேரடியாக நிலம் கொள்ளலாகாது என்று 1917-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் விலக்கியிருப்பதால், பத்திரம் ஒரு பாங்கின் பெயரில் இருக்க, பணம் கொடுத்தவர் 50 வருஷத்துக்கு, பின்னர் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையோடு, அனுபோகத்தை மட்டும் பெறுகிறார். 1848-இல் யுத்தத்தில் தோற்று, தன் பூமியில் ஏறக்குறைய பாதியை அமெரிக்காவிடம் பறிகொடுத்த தேசம் அது என்பதை நினைத்தால், அந்நியனிடம் சுதேசி கொண்ட அச்சமே அங்கே சட்டமாக உறைந்தது என்பது விளங்கும்.

அந்நியனின் அச்சமோ சட்டமாகவில்லை, விலையாயிற்று. 2006 டிசம்பரில் ஜனாதிபதி ஃபெலிப்பே கால்டெரோன் போதைப்பொருள் கும்பல்களின் மீது ராணுவத்தை ஏவிய பின், 2008-இல் திஹுவானா வீதிகளில் கொலைகள் பெருகவே, வீடு வாங்க வந்தவர்கள் வரவை நிறுத்தினார்கள். பாதியில் நின்ற மாடிகளின் தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் உப்புக்காற்றில் துருவேறின. அமெரிக்காவில் கடன் சந்தை சரிந்ததும் அதே வருஷத்தில்தான் என்பதையும், அங்குள்ள வீட்டை ஈடுவைத்து இங்கே வாங்கியவர்கள் உண்டு என்பதையும் மறைப்பது நியாயமாகாது.

ஆயினும் என்னை வருத்தும் விஷயம் வேறு. அக்கொலைகளில் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோவின் பிரஜைகளே. கடலோர வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடித்து மேட்டுக் குடியிருப்புக்குத் திரும்பும் பெண், அந்த வீட்டின் எஜமானனைவிட அதிகமாகவே அஞ்சியிருப்பாள். ஆனால் அவள் அச்சத்தால் ஒரு மனையின் கிரயமும் குறையவில்லை. ஏனெனில் விலகிப் போக வல்லவனின் பயத்துக்கே சந்தை செவிசாய்க்கிறது. அரசும் அதற்கே விரைகிறது: கரிபியன் கரையில் அந்நியர் சிலர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான பின், 2021-இன் இறுதியில் கான்கூன், டுலும் முதலிய இடங்களுக்கு ஏறத்தாழ 1,500 காவற்படையினர் அனுப்பப்பட்டார்கள்.

சிலருக்கு மட்டும் அளிக்கப்படும் அபயம் அபயமாகுமா? பிருகதாரண்யக உபநிஷதத்தில், நீ அபயத்தை அடைந்துவிட்டாய் என்று யாக்ஞவல்கியர் கூறக் கேட்ட ஜனகர், தம் விதேக ராஜ்யத்தையும் தம்மையுமே அவருக்கு அர்ப்பணம் செய்கிறார். அபயம் கிட்டியவனுக்கு பூமியைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே அற்றுப்போகிறது. தன்னின் வேறாக இரண்டாவதொன்று உண்டென்ற எண்ணத்திலிருந்தே பயம் தோன்றுகிறது என்று அதே உபநிஷதம் விசாரம் செய்கிறது. காவலும் மதிலும் அந்த இரண்டாவதை நாள்தோறும் உறுதிப்படுத்துவதால், மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கும் மெய்யான அபயம் இல்லை என்பதே என் துணிபு.

அச்சத்தின் அளவுகோலாகக்கூட விலையை நம்புவதற்கில்லை. 2018-இல் திஹுவானாவில் 2,000 பேருக்கு மேல் கொலையுண்டனர். அது 2008-ஐ வெகுவாக மிஞ்சிய தொகை. அப்படியிருந்தும், கலிபோர்னியாவின் வாடகையைத் தாங்க மாட்டாத அமெரிக்கர்கள் அந்தக் கரையை நாடி மறுபடியும் வந்தார்கள், வாடகைகள் ஏறின. ஊரை விட்டு ஒருபோதும் அகலாதிருந்த தச்சனும் கொத்தனும் கடலிலிருந்து இன்னும் தூரமாகக் குடிபெயர வேண்டியதாயிற்று.