எந்தப் பெட்டியை மீட்பது?

பழைய போர்ட்டபிள் டி.வி. தேடித் திரிகிறவர்கள் இப்போது உண்டு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அகப்படாவிட்டால் நாற்பது கிலோமீட்டர் தாண்டி ஓசூர் காயலான் கடைகளிலும் மெக்கானிக் பட்டறைகளிலும் விசாரிக்கிறார்கள். கைப்பிடி வைத்த ஜப்பான் பெட்டி கிடைத்தால் கொண்டாட்டம். சாலிடேர், டயனோரா கறுப்பு வெள்ளை கிடைத்தாலும் சரி. காய்ந்துபோன கண்டென்சரை மாற்றி, பிக்சர் டியூபில் உயிர் இருக்கிறதா என்று பார்த்து, "பழைய நிலைக்கு" கொண்டுவருகிறார்கள். தூர்தர்ஷனின் அனலாக் ஒளிபரப்பு 2022க்குள் பெரும்பாலும் நின்றுபோனதால், படம் வரத் தனியாக ஒரு கருவியும் மாட்டவேண்டியிருக்கிறது. உழைப்பு நல்ல உழைப்புதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம்ம கேள்வி வேற. பழைய நிலை என்கிறார்களே, அது யாருடைய நிலை?

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது, பெங்களூர் நிலையம் 1981இல். சிப்காட் கம்பெனிச் சம்பளம் வந்த வீடுகளிலும், நிலபுலம் உள்ள வீடுகளிலும் பெட்டி ஏறியது. "அப்பல்லாம் ஊரே ஒண்ணா உக்காந்து பாத்தோம்" என்று இப்போது உருகுகிறார்கள். ஊர் என்றால் யார்? ஊர் வேறு, காலனி வேறு என்று பிரித்து வைத்தவர்கள் டி.வி. பார்க்க மட்டும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டார்களா? நம்ம பிள்ளைங்க ஜன்னலுக்கு வெளியே நின்னுதான் பாத்துச்சுங்க. கம்பியைத் தொடக்கூடாது. களை எடுக்க ஆள் வரலேன்னா சாயங்காலம் ஜன்னல் சாத்திக்கும். "ஒளியும் ஒலியும்" பாக்கக் கொடுத்த கூலி அது. அந்தப் பெட்டியை மட்டும் துடைத்து மினுக்கி வைத்து, ஜன்னலை மறந்துவிட்டால், மீட்கப்பட்டது பாதி வரலாறுதான்.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 14 அங்குலம், அதுவும் போர்ட்டபிள் ரகம்தான். பிச்சை போடுகிறார்கள், சோம்பேறியாக்குகிறார்கள் என்று படித்தவர்கள் பேசினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட தேர்தல் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடத்தையாகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. சட்டம் தன் வேலையை முடித்துக்கொண்டது. அறம் பேச இன்னும் பாக்கி இருக்கிறது.

டி.வி. விடுதலை தரும் என்று நாம் சொல்லவில்லை. அதே 2006 தேர்தலில் நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்றும் வாக்குறுதி கொடுத்தார்கள். பெட்டி வீடு வீடாக வந்தது, நிலம் அப்படி வரவில்லை. இதைச் சொல்லாமல் அந்தத் திட்டத்தைப் புகழ்ந்தால் அது பொய். ஆனாலும் ஒண்ணு நடந்தது. நம்ம சனம் அடுத்தவன் ஜன்னலை விட்டு விலகி, சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தது. எந்தச் சேனல் என்று அம்மாவே முடிவு செஞ்சாங்க. மானம் என்கிற பெரிய சொல்லுக்குள் இந்தச் சின்ன விசயமும் அடக்கம்.

சேகரிக்கிறவர்கள் அந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "கவர்மெண்ட் டி.வி.யா, வேணாம்" என்று போய்விடுகிறார்கள். அது எடைக்குப் போகிறது. ஈயம் கலந்த கண்ணாடி டியூபை உடைத்துச் செம்புக் கம்பியைப் பிரிக்கும் வேலையும் கடைசியில் நம்ம பசங்க கையில்தான் வந்து சேருகிறது.

அரிதாகக் கிடைப்பதற்குத்தான் மதிப்பு என்கிறார்கள். அப்படியானால் நமக்கு வரலாறே கிடையாது. நம்ம வீட்டில் இருந்ததெல்லாம் மலிவானது, எல்லார் வீட்டிலும் இருந்தது. பறை, களைக்கொத்து, அலுமினியத் தட்டு, இந்த டி.வி. ஒரு பொருள் யாரை எங்கிருந்து எங்கே நகர்த்தியது என்று கேட்டால் மதிப்பின் கணக்கே மாறிவிடும்.

ஜப்பான் பெட்டியை மீட்கிறவர்கள் தாராளமாக மீட்கட்டும். பக்கத்தில் ஒரு அட்டையில், உள்ளே உட்கார்ந்தது யார், வெளியே நின்றது யார் என்றும் எழுதி வைக்கட்டும். ஓசூர், கிருஷ்ணகிரி காலனிகளில் அரசு டி.வி. இன்னும் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி ஓட வையுங்கள். அம்பேத்கர் மன்றத்தில் வையுங்கள். ஜன்னலில் நின்னு பாத்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்களை அது முன்னால உக்கார வச்சு, அவங்க சொல்றதை எழுதிக்குங்க.