வேண்டாம் என்றொரு பெயர்



பள்ளிக்கூடத்தில் காலையில் வருகைப் பதிவு எடுக்கிறார்கள். ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, பிள்ளைகள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறார்கள். அந்த வரிசையில் "வேண்டாம்" என்று ஒரு பெயர் வருகிறது. ஒரு சிறுமி எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள், பள்ளி நடக்கும் நாளெல்லாம் அவள் இதைச் சொல்ல வேண்டும். இந்தப் பெயர் கட்டுக்கதை இல்லை. திருத்தணிப் பக்கத்துச் சிற்றூர்களில், பெண்ணுக்குப் பின் பெண்ணாகப் பிறக்கும் வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வேண்டாம் என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. தெற்கே போனால் போதும்பொண்ணு. இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிள்ளையாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளைக்கு எந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று யாராவது கேட்டால், என் பதில் இந்தப் பெயர்களில்தான் தொடங்கும்.

உடனே ஒரு கேள்வி எழும். நம் முன்னோர் பிள்ளைகளுக்குப் பிச்சை என்றும் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயர் வைக்கவில்லையா, அவற்றை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெயர்கள் பிறந்த இடம் வேறு. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், புதிதாகப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் போட்டு எடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். இது விலை இல்லாத பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை, இதை எடுத்துக்கொள்ளாதே என்று எமனை ஏமாற்றும் தந்திரம் அது. வெளியே கேட்கும் சொல் இழிவாக இருந்தாலும், உள்ளே இருப்பது இந்தக் குழந்தை எனக்கு வேண்டும் என்ற தவிப்பு. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1971-இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் அந்த எண்ணிக்கை 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்தன, சாவு குறைந்தது, குப்பன் என்ற பெயரும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைந்தது. யாரும் தடை போடவில்லை. பயம் போனது, பெயரும் போயிற்று. வேண்டாம் என்ற பெயரில் இந்தத் தவிப்பு இல்லை. குப்பன் என்ற பெயர் சாவைப் பார்த்துப் பேசுகிறது. வேண்டாம் என்ற பெயர், இன்னும் கருவிலேயே வராத ஒரு தம்பியைப் பார்த்துப் பேசுகிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடும் பெயர் அது.

அந்தத் தம்பி அந்தக் கூப்பாட்டைக் கேட்டு வருவானா? கரு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு சுமந்து வரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். 1905-இலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, மாவுப்புழுக்களை ஆராய்ந்து இந்த வழியைக் கண்டு சொல்லிவிட்டார். அக்காளின் பெயருக்கு அதில் வேலையே இல்லை. தாய்க்கும் இல்லை, ஆனாலும் மூன்றாவதும் பெண் என்றவுடன் ஏச்சு வாங்குகிறவள் அவள்தான். இருந்தும் நம்பிக்கை ஏன் நிலைத்தது என்று யோசித்தால் விடை எளிது. மனிதப் பிறப்பில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் பிறப்பது இயற்கை. என்ன பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அடுத்த குழந்தை பெற்ற வீடுகளில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிறந்தே தீரும். அந்த வீடுகள் "பெயர் வைத்தோம், பலித்தது" என்று ஊருக்கெல்லாம் சொல்லும். மறுபடி பெண் பிறந்த வீடு எதையும் சொல்லிக்கொள்ளாது. பலித்த கதை மட்டும் ஊரில் உலவ, பலிக்காத கதை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது.

இது ஒன்றிரண்டு கிராமத்து அறியாமை, இதற்கு இத்தனை பேச்சு எதற்கு என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். நடுவண் அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதே மனநிலையை எண்ணில் அளந்து பார்த்தது. குடும்பங்களில் கடைசியாகப் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று கணக்கெடுத்தபோது, கடைசிக் குழந்தை பெரும்பாலும் ஆணாகவே இருந்தது. ஆண் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போய், பிறந்தவுடன் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். இப்படி ஆணை எதிர்பார்த்த இடத்தில் வந்து பிறந்த பெண்கள், 25 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் நாட்டில் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அழகான பெயர்தான் இருக்கும். பெயரில் எழுதாததை வேறு எங்கெங்கோ எழுதிவிடுகிறோம். வேண்டாம் என்று பெயர் வைத்த ஊர், மற்ற ஊர்கள் மனசுக்குள் வைத்திருப்பதை வெளியே சொல்லிவிட்டது, அவ்வளவுதான். நம் நாட்டோடு நிற்கிற சங்கதியும் இல்லை இது. சீனாவில் பெண் குழந்தைக்கு ஜாவ்தி என்று பெயர் வைப்பார்கள். தம்பியை அழைத்து வா என்று அர்த்தம். கொரியாவின் பழைய தலைமுறையில் மால்ஜா என்ற பெயர் உண்டு. இவளே கடைசியாக இருக்கட்டும் என்று வைத்தது. மொழிக்கு மொழி சொல்தான் வேறு.

பெயர் என்பது வெறும் ஒலிதானே, நாளடைவில் பொருள் தேய்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பல பெயர்களுக்கு அது பொருந்தும். கருப்பசாமி என்று கூப்பிடும்போது யாரும் நிறத்தை நினைப்பதில்லை. ஆனால் வேண்டாம் என்ற சொல் தேயவே தேயாது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா, வேண்டாம். குடை கொண்டு போகிறாயா, வேண்டாம். ஒரு தமிழ் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல் காதில் விழும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்க்கும். பெற்றோர் அவள்மேல் பாசமாகத்தானே இருக்கிறார்கள், நன்றாகத்தானே படிக்க வைக்கிறார்கள் என்று அடுத்த சமாதானம் வரும். உண்மைதான், அப்படிப் பெயர் பெற்றவர்களிலும் நன்கு படித்து முன்னேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்பா மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சியது வீட்டோடு நின்றுவிடும். பெயர் வெளியே போகும். தேர்வு எண் சீட்டிலும் வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது அச்சாகி நிற்கும். பார்ப்பவர் எல்லாரிடமும் அவள் விளக்கம் சொல்ல வேண்டும்.

இழிவான பெயர் எவ்வளவு ஆழமாகப் பாயும் என்பதை நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமை குறிக்கும் பெயர், வைசியனுக்குச் செல்வம் குறிக்கும் பெயர் என்று சொல்லிவிட்டு, சூத்திரனுக்கு இகழ்ச்சியைக் குறிக்கும் பெயர் என்று விதிக்கிறது. பிறந்த நாளிலேயே ஒருவனைத் தாழ்த்திவைக்கப் பெயர் போதும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாடசாமி என்று தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயரை, சாமி என்ற மதிப்பு ஒடுக்கப்பட்டவனுக்கு எதற்கு என்று மாடன் என வெட்டி அழைத்த ஊர்களும் இருந்தன. நல்ல பெயர் வைத்துக்கொள்வதே ஓர் உரிமைப் போராட்டமாக இருந்த மண் இது. அறிவு, வெற்றி, கதிர், மலர் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோது நம் தாத்தாக்கள் அந்தப் போராட்டத்தில்தான் கை கொடுத்தார்கள். ஊராரும் ஆதிக்கக்காரரும் சுமத்திய இகழ்ச்சியை அத்தனை பாடுபட்டு உதறிய பிறகு, பெற்றவர்களே பெண் பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைப்பதை எப்படி ஏற்பது? இன்றைக்கு வாய்க்குள் நுழையாத பெயர்களையும் எண் சோதிடம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்த பெயர்களையும் பற்றி நிறையக் கவலைப்படுகிறோம். அதுவும் கவலைதான். ஆனால் அந்தப் பெயர்கள் குழந்தையை வா என்றுதான் அழைக்கின்றன.

அப்படியானால் சட்டம் போட்டுத் தடுக்கலாமா? ஜப்பானில் 1993-இல் ஒரு தந்தை தன் மகனுக்குப் பிசாசு என்று பொருள்படும் அகுமா என்ற பெயரைப் பதியப் போனார். நகராட்சி எதிர்த்தது, வழக்கானது, நாடே விவாதித்தது, முடிவில் அவர் வேறு பெயர் வைத்தார். நியூசிலாந்தில் 2008-இல், ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கு வந்தது. தோழிகளிடம் உண்மைப் பெயரைச் சொல்லக் கூசி, வெறும் கே என்றே சொல்லிவந்தாள் அந்தக் குழந்தை. பெயரை மாற்றுவதற்காகவே நீதிமன்றம் அவளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் பெயரைச் சலித்தெடுக்கும் அலுவலகம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். பெயருக்கு அனுமதி தரும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், அவர் நாளைக்கு மதத்தையும் மொழியையும் சாதியையும் பார்த்துக் கத்தரிக்கத் தொடங்கிவிடுவார். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டம் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மராத்தியில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுஷா, நகுசி என்ற பெயர் கொண்ட சிறுமிகளை அங்கே தேடிக் கண்டெடுத்தார்கள். 2011 அக்டோபரில் விழா எடுத்து, 285 பேருக்குப் புதுப் பெயரும் சான்றிதழும் கொடுத்தார்கள். பலர் தங்களுக்குப் பிடித்த பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சினிமா நடிகையின் பெயரை எடுத்தவர்கள் உண்டு, தெய்வத்தின் பெயரை எடுத்தவர்கள் உண்டு.

பெயரை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேட்பது எளிது. மனம் மாற நாள் ஆகும். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் கொண்டுவந்தது, மத்திய அரசு 2005-இல் கொண்டுவந்தது. ஆண் வாரிசு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்காக, மனம் மாறும்வரை அந்தச் சிறுமி அதே பெயரோடு காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? பிறப்பைப் பதிந்த ஓர் ஆண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். ஏற்கெனவே வைத்த பெயரைத் தமிழ்நாடு அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். சிறு வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், 18 வயது ஆனவர் தாமே விண்ணப்பிக்கலாம். உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில், உங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பெண் பிள்ளை இருந்தால், அவள் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதென்றால் கூட இருந்து நிரப்பிக் கொடுங்கள். புதுப் பெயரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். உனக்கு எந்தப் பெயர் பிடிக்கும் அம்மா என்று அவளிடமே கேளுங்கள்.