சாரல் எட்டாத ஊர்

ஆடி மாதத்தில் குற்றாலத்திலிருந்து திரும்புகிறவர்களை ரயிலில் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு தொங்கும். தலையில் எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போயிருக்காது. முகத்தில் யாரையும் மன்னிக்கத் தயாரான ஒரு சாந்தம். போன வருடம் தென்காசியில் ஏறியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். ஐந்தருவியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்த உடம்புக்கு, கடவுள் நல்லவர் என்பதை யாரும் வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை.

கடையநல்லூர் தாண்டியதும் துண்டு காய ஆரம்பித்தது. அடுத்து பாம்புகோயில் சந்தை. சங்கரன்கோவிலில் இறங்கும்போது காற்று மட்டும்தான் இருந்தது. பேய்க்காற்று, சொட்டு ஈரம் கிடையாது.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆரியங்காவு கணவாய் வழியாகத் தப்பி வருகிற கொஞ்சம் மேகம் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரலாக விழுகிறது. சங்கரன்கோவில் கரிசலுக்கு வந்துசேர்வது மிச்சக் காற்று. இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதாவது, எனக்கு அருவி கொடுத்த அதே மலைதான் இந்த ஊருக்கு ஆடி மழையை மறித்து நிற்கிறது. அருவிக்கு நன்றி சொன்ன நான் இதை யார் கணக்கில் எழுதுவது?

பயணத்தில் இயற்கையைப் பார்த்து இறைவனின் கருணையை உணர்ந்தேன் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் (நானும் எழுதியிருக்கிறேன்) அருவி, பனி, சூரிய உதயத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒத்துவராத டேட்டாவைத் தூக்கி எறிந்துவிட்டு வரைந்த கிராஃப் அது. டார்வின் 1860இல் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதையே தின்னும் ஒருவகைக் குளவியைச் சொல்லி, கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அவரும் ஊர் சுற்றியவர்தான். ஆனால் எதையும் எறியவில்லை.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு அத்தை இருக்கிறாள். மாமா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. உளுந்துக் களத்தில் காவலுக்குத் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது. அதன் கடி பல சமயம் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் கண் இமை தூக்க முடியவில்லை என்றாராம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள்.

அத்தை ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் கோமதி அம்மன் உண்டியலில் தகட்டுப் பாம்பு ஒன்று போடுவாள். அந்தக் கோயிலில் அது வழக்கம். பாம்பு, தேள் எல்லாம் தகட்டில் வாங்கிப் போடுவார்கள். பிரசாதமே புற்றுமண்தான். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சண்டை போட்டதும், அம்மன் தபசிருந்து இருவரையும் ஒரே உடம்பில் பார்த்ததும்தான் தலபுராணம். யார் பெரியவர் என்றுதான் கேட்டிருக்கின்றன. நல்லவரா என்று பாம்புகள்கூடக் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "மாமாவக் கொண்டுபோன பாம்புக்கே உண்டியல் போடுதியளே அத்தை?"

"அது அது வழியில போச்சு மருமவனே. நாமதான இருட்டுல குறுக்க போயி படுத்தோம்."

இந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கயிற்றுக்கட்டில் இருந்திருந்தால் மாமா பிழைத்திருக்கலாம். கட்டில் இல்லாததற்குப் பாம்பும் பொறுப்பில்லை, சாமியும் பொறுப்பில்லை, நிச்சயமாக மாமா பொறுப்பில்லை. ஆனால் ஒன்று. என் பக்திக்கு ஐந்தருவி தேவைப்பட்டது. அவள் பக்தி கடிபட்ட பிறகும் உண்டியல் வரை நடந்துபோகிறது. அருவியில் நான் சொன்ன நன்றி பொய் என்று சொல்லமாட்டேன். குளிர்ந்தது, சொன்னேன். அதைக் கடவுளுக்கான சாட்சியாக நீட்டும் தைரியம்தான் அவள் முன்னால் வரவில்லை.

அத்தை என் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிவிட்டு, பையில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

"அங்க நல்ல சாரலோ?"

"நல்ல சாரல் அத்தை."

"நமக்கு ஐப்பசில வரும்" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டாள்.