ரெண்டு வெங்காயம் கிடைக்குமா?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கிற இடம், சான் மிகெல் சந்தை. ஊரின் நடுநாயகமான பிளாஸா மயோர் சதுக்கத்தை ஒட்டியே இருக்கிறது. இரும்புத் தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. இரவில் விளக்குப் போட்டால் நகைக்கடை மாதிரி ஜொலிக்கும்.

உள்ளே நுழைந்தால் நாக்கில் நீர் ஊறும். ஒரு கடையில் ஐஸ் மேல் அடுக்கிய சிப்பிகள். இன்னொன்றில் கருப்புப் பன்றித் தொடையை உப்புக்கண்டம் போட்டு, காகிதம் போல மெல்லிசாகச் சீவித் தருகிறார்கள். அடுத்ததில் ஆலிவ் காய்களைக் குச்சியில் குத்தி அழகாக அடுக்கியிருப்பார்கள். எதை வாங்கினாலும் ஒரு வாய், ரெண்டு வாய்தான். நாலு கடை ஏறி இறங்குவதற்குள் பர்ஸ் இளைத்துவிடும். உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எல்லாம் சரி. 'சந்தை' என்று பேர் வைத்திருக்கிறார்களே, பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு வெங்காயம் வாங்க அங்கே யாராவது போகிறார்களா?

ஒரு காலத்தில் போனார்கள். அந்த இடத்தில் முதலில் இருந்தது ஒரு தேவாலயம். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினை ஆண்ட சமயத்தில், 1809-ல், அதை இடித்தார்கள். காலி மனையில் திறந்தவெளிச் சந்தை முளைத்தது. 1916-ல் அதற்கு இந்த இரும்புக் கூடு வந்தது. மீன், கறி, காய்கறி என்று அக்கம்பக்கத்து வீடுகளின் அடுப்பெல்லாம் அதை நம்பித்தான் எரிந்தது.

அப்புறம் எல்லா ஊரிலும் நடந்ததுதான். சூப்பர் மார்க்கெட் வந்தது. சந்தையில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கட்டடத்துக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. ஆனால், அந்தஸ்து வியாபாரம் செய்யுமா என்ன? கடைசியில் தனியார் முதலீட்டாளர்கள் கடைகளை வாங்கி, கட்டடத்தைப் புதுப்பித்து, 2009-ல் இப்போதுள்ள கோலத்தில் திறந்தார்கள். 2017-ல் மறுபடி கைமாறியபோது பேசப்பட்ட விலை, சுமார் 7 கோடி யூரோ!

கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கட்டடம், சாமான், சரக்கு எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைவிட அதிக விலைக்கு ஒரு கடை போகிறதென்றால், அந்த அதிகப்படி அதன் நல்ல பெயருக்கான விலை. சான் மிகெல் என்ற பெயரைச் சம்பாதித்தது யார்? விடியற்காலையில் எழுந்து மீன் வெட்டியவர்கள் மட்டுமில்லை. 'நேத்து கொடுத்தது நாறிப்போச்சே' என்று சண்டை போட்டு, மறுநாளும் அதே கடைக்கு வந்தார்களே, அந்த வீட்டுக்காரம்மாக்களும்தான். கடையை விற்றவருக்குக் கடையின் விலை கிடைத்திருக்கும். இந்த அம்மாக்களின் பங்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

'அடப் போங்க சார், இப்படிச் செய்யாம விட்டிருந்தா பூட்டிக் கிடந்திருக்கும், நல்லதுதானே பண்ணியிருக்காங்க' என்பீர்கள். நியாயம். பூட்டிய கட்டடத்தைவிடக் கூட்டம் நிறைந்த கட்டடம் மேல்தான். அங்கே சிப்பி சாப்பிடுகிறவர் எந்தப் பாவமும் செய்யவில்லை.

சொல்லப்போனால், சந்தையைக் கைவிட்டவர்களில் அந்த அக்கம்பக்கத்து ஜனங்களும் உண்டு. ஏ.ஸி. போட்ட கடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது சுகமாக இருந்தது, போனார்கள். நாமும் அப்படித்தான். பழைய கடைவீதியைப் பார்த்தால் உருகுகிறோம், போட்டோ எடுக்கிறோம், 'இதெல்லாம் அழியக் கூடாதுங்க' என்கிறோம். சாமான் மட்டும் வேறு இடத்தில் வாங்குகிறோம். அதாவது, நமக்கு வசதிப்படாத வாழ்க்கையை வேறு யாராவது நமக்காக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது என்ன நியாயம்?

ரசிகர் கூட்டம் சந்தைக்கு எவ்வளவு பாரம் என்று பார்சிலோனாவைக் கேட்டால் சொல்லும். அங்குள்ள பொக்கேரியா, இன்றைக்கும் மீனும் காயும் விற்கிற நிஜச் சந்தை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் உள்ளூர்க்காரர்களால் நுழையவே முடியவில்லை. 2015-ல் நகராட்சி, வெள்ளி, சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணி வரை பெரிய சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. கண்ணாலேயே தின்றுவிட்டுப் போகிறவர்களை வைத்துக்கொண்டு மீன்காரர் என்ன செய்வார்? வெட்டிய பழத்தைக் கோப்பையில் போட்டு விற்கும் கடைகள்தான் பெருகும். பெருகின.

லிஸ்பன் வேறு ஒரு வழியைப் பிடித்தது. 1882-ல் திறந்த ரிபெய்ரா சந்தையின் ஒரு பாதியை, 2014-ல் 'டைம் அவுட்' பத்திரிகை பெரிய சாப்பாட்டுக் கூடமாக்கியது. பேர் பெற்ற சமையல்காரர்கள், நீள மேஜைகள், ஜே ஜே என்று கூட்டம். மறுபாதியில் காலை நேரத்தில் மீனும் காயும் பூவும் விற்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் ரசிப்பவர்களும் சமைப்பவர்களும். இது எத்தனை நாள் தாங்கும்? அது லிஸ்பன்காரர்கள் காலையில் பையை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் போதும். அதற்குள் இருந்த வாழ்க்கையைக் காப்பாற்ற, தினமும் யாராவது போய் ரெண்டு வெங்காயம் வாங்கியாக வேண்டும். பாராட்டு அதற்கு ஈடாகாது.

'எல்லாம் மாறிப்போச்சு' என்று அடுத்த முறை பெருமூச்சு விடத் தோன்றினால், உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் கடைசியாக எப்போது, என்ன வாங்கினீர்கள்?