கன்றுக்கு விட்ட பால்

குழந்தைக்கு வேஷம் கட்டிப் பார்ப்பதில் நமக்குள்ள ஆசை அடங்காதது. கோகுலாஷ்டமி வந்துவிட்டால் எங்கள் மறைமலைநகரில் தெருவுக்கு நாலு கண்ணன் புறப்படுவான். தலையில் மயிற்பீலி, இடுப்பில் பட்டுத்துணி, கையில் ஜிகினாத் தாள் சுற்றிய புல்லாங்குழல். பாதிக் கண்ணன்கள் பெண் குழந்தைகள். போட்டோ ஸ்டூடியோவில் உட்காரவைத்து, “சிரி கண்ணா, சிரி” என்று அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் கெஞ்சுவார்கள். குழந்தை சிரிக்கும். படம் எடுத்தாகிவிடும். அந்தச் சிரிப்பு யாருக்குச் சொந்தம்? சிரித்த குழந்தைக்கா, கேட்டு வாங்கிக்கொண்ட நமக்கா?

இது ஒரு கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நூறு வருஷங்களுக்கு முன்னால் கண்ணன் வேஷம் போட்ட ஒரு சிறுமியின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, இந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

அவள் பெயர் மந்தாகினி. நம் நாட்டில் முதல் முழுநீளக் கதைப் படத்தை எடுத்தவர் என்று கொண்டாடப்படும் தாதாசாஹேப் பால்கேயின் மகள். 1918இல் வந்த ‘ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா’வில் அவள்தான் கண்ணன். 1919இல் வந்த ‘காளிய மர்தன்’ படத்திலும் அவளே கண்ணன். அப்போது அவளுக்கு வயது ஏழு. ஊமைப் படங்களின் காலம். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. எல்லாவற்றையும் முகத்தாலும் உடம்பாலும்தான் சொல்லியாக வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திரையில் கண்ணன் தோன்றியதும் கொட்டகையில் விழுந்து கும்பிட்டார்கள்.

வீட்டில் ஒரு பொம்மை உடைந்தால் அழக்கூடிய வயது. அந்த வயதில் ஊர் ஊராக முன்பின் தெரியாத மனிதர்கள் அவள் உருவத்தின் முன் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள்.

பால்கேயைக் குற்றம் சொல்வது சுலபம். குழந்தையை வைத்துப் பணம் பண்ணினார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது அவர் படத்தில் நடிக்க ஒரு பெண்கூட முன்வரவில்லை. சந்திரமதியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண்பிள்ளை. மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் அடகுக்குப் போயின. அந்த அம்மாளே அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டு, இரவில் பிலிம் வேலையும் பார்த்தார். லோகிதாசனாக நடித்தது மகன் பாலசந்திரன். சினிமா என்றால் ஊரார் முகம் சுளித்த நாளில், அடுத்த வீட்டுக் குழந்தையைக் கேட்க முடியாத மனிதர் தம் வீட்டுக் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆனாலும் ஒரு சம்பவம் என் மனத்தை உறுத்துகிறது. வெளியூரில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது பையன் பாலசந்திரன் விழுந்து, தலையில் அடிபட்டு நினைவு தப்பிக் கிடந்தானாம். உடனிருந்தவர்கள் பதறி, வேலையை நிறுத்தலாம் என்றார்கள். எடுக்க வேண்டிய காட்சியோ லோகிதாசன் பிணமாகக் கிடக்கும் காட்சி. பால்கே கலங்காமல், நினைவிழந்த பிள்ளையை அப்படியே கிடத்திப் படத்தை எடுத்து முடித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அரிச்சந்திரன் உண்மைக்காகத் தன் பிள்ளையை விலையாக வைத்தான். அந்தக் கதையைப் படமாக்க வந்தவர் தம் பிள்ளையை எதற்காக வைத்தார்? அன்பில்லாத தகப்பன் அல்ல அவர். வேலையின் வேகத்தில் ஒரு கணம் பிள்ளை மறைந்து, பாத்திரம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பயம் தருவது அந்தக் கணம்தான். நல்லவர்களுக்கும் அது வருகிறது.

அதே மனிதர் ‘காளிய மர்தன்’ படத்தின் தொடக்கத்தில் வேறொன்று செய்திருக்கிறார். கதை ஆரம்பிக்குமுன் மந்தாகினியை வேஷமில்லாமல், ஒரு சாதாரணச் சிறுமியாகவே காட்டுகிறார். இது ஏழு வயதுக் குழந்தையின் முகபாவங்கள் என்று முதலிலேயே அறிவிப்பு வருகிறது. அவள் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாவமாகக் காட்டுகிறாள். பிறகுதான் அந்த முகம் கரைந்து கண்ணனாக மாறுகிறது. நல்லவேளையாக இந்தப் படத்தின் பெரும்பகுதி அழியாமல், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. தகப்பனின் பெருமை அதில் தெரிகிறது, சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கும்பிடப்போகும் தெய்வம் இந்தச் சிறுமிதான் என்று சபைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு நேர்மையும் அதில் தெரிகிறது. மகன் விஷயத்தில் மறந்துபோனதை மகள் விஷயத்தில் அவர் நினைவில் வைத்திருந்தார் என்று எண்ணிக்கொள்ள எனக்கு விருப்பம். மந்தாகினியின் திரை வாழ்வில் இன்றும் பேர் சொல்வது அந்த இரண்டு படங்கள்தான். இரண்டு வருஷம் தெய்வமாக இருந்த குழந்தை. அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வளவோடு முடிந்ததில்லை. ‘ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா’ வந்த அதே 1918இல் அமெரிக்காவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேபி பெக்கி என்று உலகம் அதை அழைத்தது. இரண்டு வயது நிரம்புமுன்பே ஊமைப் படங்களில் நடிக்கத் தொடங்கி, லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தாள். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஒரு படத்தில், பற்றி எரியும் அறையிலிருந்து தன்னந்தனியாகத் தப்பி வரவேண்டியிருந்தது. மகளின் வெற்றிக்குக் காரணம் திறமை அல்ல, சொன்ன சொல்லைக் கேட்கும் பழக்கமே என்பது அவள் தகப்பனாரின் கொள்கை. 1925இல் அவருக்கும் தயாரிப்பாளருக்கும் பணத் தகராறு வந்தது; அதோடு குழந்தையின் சினிமா வாழ்க்கையும் கவிழ்ந்தது. சம்பாதித்த பணம் எதுவும் அவளுக்கு மிஞ்சவில்லை. பெரியவளானபின் அந்தப் பெயரையே உதறி, டயானா செர்ரா கேரி என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு புத்தகங்கள் எழுதி வாழ்ந்தாள். பழைய பெக்கியோடு அவள் சமாதானம் செய்துகொள்ள எத்தனையோ வருஷம் ஆயிற்று. 2020இல் 101 வயதில் காலமானாள்.

அவளைப் போலவே புகழ்பெற்ற ஜாக்கி கூகன் என்ற பையன் வளர்ந்து பெரியவனானபோது, தான் சம்பாதித்ததெல்லாம் கரைந்திருக்கக் கண்டு, 1938இல் தாயார்மேலேயே வழக்குப் போட்டான். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: குழந்தையின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைக் குழந்தைக்கென்று ஒதுக்க வேண்டும்.

“பழைய கதையெல்லாம் எதற்கு? அந்த நாளில் பாய்ஸ் கம்பெனிகள் இல்லாவிட்டால் டி. கே. சண்முகம் ஏது, எம். ஜி. ஆர். ஏது, சிவாஜி ஏது?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சின்னஞ்சிறு வயதில் நாடகக் கொட்டகைக்குப் போனவர்கள் அவர்கள். வித்தை இளமையில்தான் படியும் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கம்பெனிகளில் சேர்ந்த பையன்கள் எத்தனையோ பேர். பேர் பெற்றவர்களை எண்ணி வழக்கைத் தீர்ப்பது, கரையேறியவனை மட்டும் விசாரித்து ஆற்றின் ஆழத்தை முடிவு செய்வது போலாகும்.

“குழந்தையே ஆசைப்பட்டுத்தானே நடிக்கிறது?” என்பது இன்னொரு வாதம். இதுதான் பலமான வாதம். குழந்தை சம்மதிக்கிறது, வாஸ்தவம். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறது? அப்பாவின் முகம் மலர வேண்டும் என்பதற்கு. பெரியவர்களிடையே சம்மதம் என்பது வேண்டும், வேண்டாம் என்று நிறுத்துப் பார்த்துச் சொல்வது. குழந்தையிடம் இருப்பது அன்பு. அதற்கு நிறுக்கத் தெரியாது. அந்த அன்பையே கையொப்பமாக வாங்கிக்கொண்டு, “அவள் இஷ்டப்பட்டுத்தான் செய்தாள்” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

நம் தேசத்திலும் சட்டம் இருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது குழந்தை நடிகர்களுக்கு இடம் கொடுத்தார்கள். 2017இல் அதற்கு விதிகள் வந்தன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. நல்ல விதிகள். கடைசி விதிதான் எல்லாவற்றிலும் நல்லது, எல்லாவற்றிலும் கஷ்டமானது. பணத்தை வங்கி எண்ணிவிடும், நேரத்தைக் கடிகாரம் காட்டிவிடும். குழந்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்ட “மாட்டேன்” என்ற சொல்லை எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

படப்பிடிப்புத் தளத்துக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல இது. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. ஒவ்வொரு தகப்பனும் ஒரு சின்னப் பால்கே. மாமல்லபுரத்தில், ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ என்று பேர் வைத்திருக்கும் அந்தப் பாறையடியில் போய்ப் பாருங்கள். பாறையைத் தாங்குவது போலக் குழந்தையை நிறுத்தி, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று வெயிலில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கும் கண்ணனைப் பல்லவர் காலத்துச் சிற்பி பாறையில் செதுக்கியிருக்கிறான். எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். பக்கத்திலேயே ஓர் இடையன் உட்கார்ந்து பால் கறக்கிறான். கறக்கும்போதே பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் மாடு வைத்திருந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கன்று அருகே நின்றால்தான் பசு பால் சுரக்கும். அந்தப் பாலில் கன்றுக்கென்று ஒரு காம்பை விட்டுவிட்டுத்தான் கறப்பார்கள். முழுக்கக் கறப்பவனை ஊர் மதிக்காது.

குழந்தையின் முகத்திலிருந்து நாம் கறந்துகொள்வதும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் அழகில் நமக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. பங்கில்லையென்றால் மந்தாகினியின் கண்ணன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான். நான் கேட்பது ஒரு காம்பு. “போதும்பா” என்று குழந்தை சொன்னால், அந்தச் சொல்லுக்கு மறுபேச்சில்லாமல் கேமிராவை இறக்கிவைக்கும் வழக்கம். வெயிலில் நிற்கும் குழந்தைக்கும் அது வேண்டும், விளக்கொளியில் நிற்கும் குழந்தைக்கும் அது வேண்டும்.